இறந்தவருக்குத் தீர்ப்பு எதற்கு?

"நீ இந்த நாட்டவனே! உன்னை அயலான் என்று கூறியது தவறு!" - இந்தப் பொருளில் ஒரு தீர்ப்பு. வழங்கியது இந்தியாவின் உச்ச நீதிமன்றம். நாள், 2024 ஜூலை 11. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மனிதரின் மீது ஒட்டிக்கிடந்த பழி, ஒரே நாளில் துடைக்கப்பட்டது. எழுத்துப் பிழையைக் காட்டி ஒருவரின் நாட்டையே பறித்துவிட முடியாது என்றனர் நீதிபதிகள். வெறும் ஐயத்தை வைத்துக்கொண்டு, வழியில் போகிறவனைப் பிடித்து நிறுத்தி, 'நீ யார் என்று மெய்ப்பித்துக் காட்டு' என்று அதிகாரிகள் மிரட்டக் கூடாது என்றனர். நல்ல தீர்ப்பு, நாடு முழுவதும் படிக்கவேண்டிய தீர்ப்பு. எல்லாம் இருந்தது அதில். ஒன்றுதான் இல்லை - அதைக் கேட்கவேண்டிய செவி!

அசாம் மாநிலம் நல்பாரி மாவட்டத்துச் சிற்றூர்வாசி அவர். அவருடைய பெற்றோரின் பெயர் 1965-ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் இருந்தது. எனினும், 2012-இல் வெளிநாட்டவர் தீர்ப்பாயம் அவரை வெளிநாட்டவர் என்று அறிவித்தது. உயர் நீதிமன்றம் சென்றார், தோற்றார். உச்ச நீதிமன்றம் சென்றார், காத்திருந்தார். காத்திருந்த காலத்திலேயே, 2021 டிசம்பரில், கண்ணை மூடினார். தீர்ப்பு வந்தபோது அவர் மண்ணுக்குள் போய் இரண்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி, தீர்ப்புக்குப் பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

முன்னமே தெரிந்திருந்தால்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே! 'மனுதாரர் காலமாகிவிட்டார், எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது' என்று இரண்டே வரியில் அந்த வழக்கு அடங்கியிருக்கக் கூடும். அவர் இறந்த செய்தி எட்டாததால் அவருக்கு நீதி கிடைத்தது! எட்டியிருந்தால், அயலார் என்ற பட்டத்தோடு அவர் பெயர் ஏட்டில் என்றென்றும் இருந்திருக்கலாம். அறியாமை, நீதிக்கு இவ்வளவு பெரிய உதவி செய்தது இதற்கு முன் உண்டோ, நானறியேன்.

இந்தச் செய்தியைப் பத்தாம் வகுப்பில், குடியுரிமை பற்றிய பாடத்தின்போது சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "செத்துப்போனவருக்குத் தீர்ப்பு எதற்குங்க ஐயா? அவருக்குத் தெரியவா போகிறது?" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் வீம்புக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதற்கு அன்று நான் சொன்ன விடை, எனக்கே நிறைவு தரவில்லை. மணி அடித்தது, வகுப்பு கலைந்தது, கேள்வி மட்டும் என்னுடனேயே வீட்டுக்கு வந்தது.

எனக்கு அது கூடுதலாக உறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஆவி இல்லை, மறுபிறப்பு இல்லை, இறந்தவனுக்கு இங்கிருந்து அனுப்பும் எதுவும் போய்ச் சேராது என்று பேசுகிறவர்கள் நாம். பிண்டம் போய்ச் சேராது என்கிறோம். தீர்ப்பு மட்டும் போய்ச் சேருமா? இறந்தவனுக்குப் பிண்டம் வைப்பது மடமை என்றால், இறந்தவனுக்கு நீதி வைப்பது மட்டும் அறிவுடைமை ஆகுமா? அந்தச் சிறுமியின் கேள்வி, சட்டத்தைப் பார்த்துக் கேட்டதுபோல இருந்தாலும், நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்விதான் அது.

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்த பழைய நெறி ஒன்று உண்டு: தனி ஆளுக்கே உரிய வழக்கு, அந்த ஆளோடு சாகும். அவதூறு வழக்கா? ஆளோடு போயிற்று. மணமுறிவு கேட்ட மனுவா? மரணமே மணத்தை முறித்துவிட்டது. மன்றத்துக்கு வேலை இல்லை. ஆனால், நிலத் தகராறு மட்டும் சாவதில்லை! 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 22-ஆம் கட்டளை தெளிவாகச் சொல்கிறது: வழக்காடும் உரிமை நிலைத்திருந்தால், வழக்காடியவர் இறந்தாலும் வழக்கு இறப்பதில்லை. 90 நாளுக்குள் வாரிசுகள் மன்றத்தில் பெயர் பதிந்துகொண்டால் போதும். தாத்தா தொடுத்த வழக்கைப் பேரன் முடிக்கலாம். வரப்புத் தகராறில் மூன்று தலைமுறை நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை!

ஆக, அரைக் காணி நிலத்துக்கு வாரிசு உண்டு. நாட்டுக்கு? 'இந்த மண்ணில் வாழ எனக்கு உரிமை உண்டு' என்று ஒருவன் தொடுத்த வழக்குக்கு வாரிசு உண்டா, இல்லையா? இங்கேதான் சட்டம் தடுமாறுகிறது. நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சில சமயம் ஒரே நாட்டுக்குள் மன்றத்துக்கு மன்றம் மாறுபடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் உண்மை இருக்கிறது. அயல்நாடு செல்ல ஒருவர் நுழைவு அனுமதி கேட்கிறார், மறுக்கப்படுகிறது, மன்றத்தில் முறையிடுகிறார், இடையில் இறந்துவிடுகிறார். மனைவி இல்லை, மக்கள் இல்லை, அவரைச் சார்ந்து வேறு எவர் மனுவும் இல்லை. இனி அவருக்கு அனுமதி கிடைத்தாலும் எந்தக் கப்பலில் ஏறப்போகிறார்? எந்த வானூர்தியில் அமரப்போகிறார்? மன்றங்கள் வெற்றுக் கேள்விக்கு விடை எழுதும் கூடங்கள் அல்ல. வாசலில் உயிரோடு ஆயிரம் பேர் காத்து நிற்கையில், இல்லாதவனுக்காக ஒரு நாளைச் செலவிடுவது, இருப்பவனிடமிருந்து அந்த நாளைப் பறிப்பதாகும். மறுக்க முடியாத வாதம். அப்படிப்பட்ட வழக்கு ஆளோடு போகட்டும், நமக்கு வழக்கில்லை.

ஆனால், எல்லா வழக்கும் அப்படியா? ஒரு சிறு நுணுக்கத்தைக் கவனியுங்கள். ஒருவர் அரசின் ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுக்கிறார், தொடுத்தவர் சாகிறார், வழக்கும் சாகிறது. அப்போது சாகாமல் மிஞ்சுவது எது? அவர் எதிர்த்தாரே, அந்த ஆணை! 'நாங்கள் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. கட்டை மூடிவிட்டோம், அவ்வளவுதான்' என்கிறது மன்றம். நடுநிலை போலத் தோன்றுகிறது. இரண்டு பேர் மல்லுக்கட்டும்போது ஒருவன் மாரடைத்து விழுந்துவிட்டால், 'ஆட்டம் முடிந்தது, வெற்றி தோல்வி இல்லை' என்று சொல்லிவிட்டு, பரிசை மட்டும் நின்றுகொண்டிருப்பவன் கையில் கொடுத்தனுப்புவதற்குப் பெயர் நடுநிலையா? சாவு அரசின் வழக்கறிஞராகிவிடுகிறது. அதுவும் கட்டணம் கேட்காத வழக்கறிஞர்!

மிஞ்சி நிற்கும் அந்த ஆணை யாரைத் தொடும்? இறந்தவரை அல்ல, அவர் பிள்ளைகளை. இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தைக்கு, இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோர் இருவரும் குடியுரிமை உடையவராக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் குடியுரிமை உடையவராகவும், மற்றவர் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்கவேண்டும். அதாவது, தந்தை யார் என்று அரசு எழுதிவைக்கிறதோ, அதுவே பிள்ளை யார் என்பதற்கும் விடை. அசாமில் குடிமக்கள் பதிவேடு தயாரித்தபோது, 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன் இங்கிருந்த ஒரு முன்னோரைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவையும் காட்டவேண்டும் என்றார்கள். வெளிநாட்டவர் என அறிவிக்கப்பட்ட ஒருவர் வழியாக உரிமை கோரியவர்களுக்கு அதில் இடமில்லை. 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான அந்தப் பதிவேட்டில் 19,06,657 பேர் விடுபட்டனர்.

முன்னோரைக் காட்டு என்று கேட்கும் அரசு, முன்னோரின் வழக்கு செத்துவிட்டது என்று சொல்லலாமா? உறவைக் காட்டும்போது இறந்தவர் வேண்டும். உரிமை கேட்கும்போது இறந்தவர் வேண்டாம்! தடை போட இறந்தவர் உயிரோடு இருக்கிறார். தடை நீக்க மட்டும் அவர் செத்துவிட்டார்! இது எந்த ஊர்க் கணக்கு?

மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் என்பதையும் மறக்கக் கூடாது. திருடன் என்று ஒருவனைப் பிடித்தால், அவன் திருடினான் என்று காவலர்தான் மெய்ப்பிக்கவேண்டும். அயலான் என்று ஒருவனைச் சொன்னால், அயலான் அல்ல என்று அவன்தான் மெய்ப்பிக்கவேண்டும். 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் அப்படி வைத்தது. 2025 செப்டம்பர் 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதுச் சட்டம் வந்துவிட்டது. சுமை மட்டும் இடம் மாறவில்லை. உயிரோடு இருப்பவனுக்கே ஐம்பது ஆண்டுக்கு முந்திய காகிதத்தைத் தேடிக் கொண்டுவருவது பெரும்பாடு. பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரையை அரித்து, வீட்டையும் பெட்டியையும் பெட்டிக்குள் இருந்த காகிதத்தையும் அடித்துச் செல்லும் நாடு அது. இறந்தவன் எழுந்து வந்தா மெய்ப்பிப்பான்?

எழுந்து வரவேண்டும் என்றுகூட எதிர்பார்த்திருக்கிறார்கள்! அசாமின் கச்சார் மாவட்டத்தில் ஒருவர் 2016-இல் இறந்தார். இறப்புச் சான்றிதழைப் பார்த்து அவர்மீதிருந்த வழக்கையும் முடித்தார்கள். 2022-இல் அவர் பெயருக்கே மீண்டும் நோட்டீசு வந்தது - நேரில் வந்து, வெளிநாட்டவர் அல்ல என்று மெய்ப்பிக்கவேண்டுமாம்! சுடுகாட்டுக்கு அழைப்பாணை அனுப்பும் அரசு, சுடுகாட்டிலிருந்து ஒரு மனு வந்தால் மட்டும், 'இறந்தவருக்கு இங்கே என்ன வேலை?' என்று கேட்கிறது. இறந்தவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கத் தகுதியுடையவன். வாதியாக நிற்க மட்டும் தகுதியற்றவன்!

2019 அக்டோபரில் நடந்தது இதனினும் நெஞ்சைப் பிளப்பது. வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்டு, தேஜ்பூரில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர், நோய்ப்பட்டு, குவாகாத்தி மருத்துவமனையில் இறந்தார். உடலைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று குடும்பத்துக்குச் சொன்னார்கள். பிள்ளைகள் மறுத்தார்கள். அவர் வெளிநாட்டவர் என்றால், அந்த நாட்டுக்கே உடலை அனுப்புங்கள். இந்தியர் என்று அறிவியுங்கள், நாங்கள் பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள். ஏறத்தாழப் பத்து நாள் அந்த உடல் பிணவறையில் கிடந்தது. சட்டவழி உதவுவதாக அரசு வாக்களித்த பிறகே பெற்றுக்கொண்டார்கள்.

பெற்ற தந்தையின் உடலைப் பிணவறையில் போட்டுவிட்டு வாயிலில் நின்ற அந்தப் பிள்ளைகளைப் பாசமற்றவர்கள் என்பீர்களா? கையெழுத்திட்டு உடலை வாங்கினால், அயலார் ஒருவரின் பிள்ளைகள் என்பதற்கும் கையெழுத்திட்டதாக ஆகிவிடுமே என்று அவர்கள் அஞ்சினர். அவர்களுடைய துயரத்தையே அரசு பிணையாகப் பிடித்துவைத்திருந்தது. அந்த வாயிலில் நின்று, 'செத்தவருக்குத் தீர்ப்பு எதற்கு?' என்று எவராவது கேட்க முடியுமா?

இத்தனைக்கும், வழி தெரியாமல் சட்டம் திகைக்கவில்லை. வழி அதன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். தண்டனை பெற்றவன் மேல்முறையீடு செய்துவிட்டு இறந்தால் முறையீடு முடிந்துபோகும் என்று பொதுவிதி. உடனே ஒரு விலக்கு: தூக்குத் தண்டனையையோ சிறைத் தண்டனையையோ எதிர்த்த முறையீடாக இருந்தால், 30 நாளுக்குள் பெற்றோரோ, துணைவரோ, பிள்ளைகளோ, உடன்பிறந்தாரோ மன்றத்தின் அனுமதி பெற்று அதைத் தொடரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமும் இந்த வழியை அடைக்கவில்லை. இறந்தவனை இனிச் சிறையில் அடைக்க முடியாது. தூக்கிலும் இட முடியாது. பின் எதற்கு அந்த விலக்கு? 'கொலைகாரன் மகன்' என்ற சொல், கொலைகாரன் என்று சொல்லப்பட்டவன் செத்த பிறகும் உயிரோடு திரியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு ஆவியில் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பது பற்றிய பேச்சே இல்லை. உயிரோடு இருப்பவர்களைப் பார்த்தே எழுதினார்கள். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவன் குடும்பத்துக்குத் திறந்திருக்கும் கதவு, எந்தக் குற்றமும் செய்யாமல் 'அயலான்' என்ற பெயர் மட்டும் பெற்றவன் குடும்பத்துக்கும் அதே அளவு தெளிவாகத் திறந்திருக்க வேண்டாமா?

அயல்நாட்டைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஒரு கொடுமை நெடுங்காலம் இருந்தது. அந்நாட்டுக் குடிமகனை ஓர் அயல்நாட்டுப் பெண் மணக்கிறாள். 'இவள் என் மனைவி; இங்கே வாழ அனுமதியுங்கள்' என்று கணவன் முறைப்படி மனுக் கொடுக்கிறான். அலுவலகம் மனுவை ஆற அமரப் பார்க்கிறது. அதற்குள் கணவன் விபத்திலோ நோயிலோ இறந்துவிடுகிறான். மணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்றால், மனுவும் அவனோடு செத்தது! கணவனைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணிடம், 'நீ யாருக்கும் மனைவி அல்ல. நாட்டை விட்டுப் போ' என்றார்கள். 'கைம்பெண் தண்டனை' என்றே அதற்குப் பெயர் ஏற்பட்டது. அப்படிப்பட்ட ஒரு பெண் வழக்காடினாள். 2006-இல் அங்குள்ள ஒன்பதாம் வட்டார முறையீட்டு மன்றம், கணவன் இறந்ததால் மட்டும் அவள் மனைவி என்ற நிலை அழிந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. 2009-இல் வேறொரு வட்டார மன்றம் அதற்கு மாறாகச் சொன்னது. ஒரே நாடு, ஒரே சட்டம். ஓரிடத்தில் அவள் மனைவி, மற்றோரிடத்தில் யாருமில்லை! இறுதியில் 2009 அக்டோபர் 28-இல் நாடாளுமன்றமே சட்டத்தை மாற்றியது. மனுக் கொடுத்தவர் இறந்தாலும், அவரை நம்பி அந்நாட்டில் வாழ்ந்து வரும் உறவினரின் மனு பல நிலைகளில் தொடரலாம் என்றாயிற்று.

அதே அமெரிக்கா, இறந்தவருக்குக் குடியுரிமை வழங்கவும் தெரிந்த நாடு என்பதுதான் வேடிக்கை! அயல்நாட்டில் பிறந்து, அமெரிக்கப் படையில் சேர்ந்து, போரில் மாண்டவனுக்கு, மாண்ட பிறகு குடியுரிமை வழங்க 1990-இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. முதலில் அது வெறும் சிறப்புத்தாள். குடும்பத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஈராக் போர் நடந்த 2003-இல்தான், எஞ்சிய மனைவி மக்களும் அதனால் பயன்பெறச் சட்டம் திருத்தப்பட்டது. ஆக, 1990 முதல் 2009 வரை ஒரே நாட்டில் இரண்டு நெறிகள்: குண்டடிபட்டுச் செத்தவனுக்குச் சாவுக்குப் பிறகும் குடியுரிமை உண்டு, காத்திருந்து நைந்துபோன கைம்பெண்ணுக்கு உயிரோடு இருக்கும்போதே இல்லை!

சாவு வந்தால் கேள்வி தானே முடிந்துவிடும் என்பது இயற்கை விதி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கல்லை மேலே எறிந்தால் கீழே விழும். அது எந்த நாட்டிலும் ஒன்றே. இது அப்படியல்ல. அரசு விரும்பினால் இறந்தவனையும் குடிமகனாக்குகிறது. விரும்பாவிட்டால் இறப்பைக் காட்டிக் கதவைச் சாத்துகிறது. மனிதர் செய்த ஏற்பாடு. மனிதர் மாற்றக்கூடிய ஏற்பாடு.

நம் இனத்தாரின் கதையும் ஒன்று இருக்கிறது. இலங்கையின் மலைகளில் தேயிலையை வளர்த்த தமிழ்த் தொழிலாளர், 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் ஒரே அடியில் நாடற்றவர் ஆயினர். 1949-இல், விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று மற்றொரு சட்டம் வந்தது. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் மறுக்கப்பட்டனர். 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் அமர்ந்து, 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கிட்டனர். மனிதரை மூட்டைக் கணக்கில் பிரித்த அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னும் நாடற்றோர் இருந்தனர். 2003-இல்தான் இலங்கை நாடாளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கேயே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும், அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1948-க்கும் 2003-க்கும் இடையே 55 ஆண்டுகள். காத்திருந்து, லயத்து அறைகளில் நாடற்றவராகவே மாண்டவர் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தச் சட்டத்தால் பயனில்லை. ஆனால், 'வழித்தோன்றல்' என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். பாட்டன் வாழ்ந்த வாழ்வு, பேரனின் உரிமைக்கு வேராயிற்று. பாட்டனோடு எல்லாம் புதைந்துவிடவில்லை என்பதை ஓர் அரசு ஒப்புக்கொண்ட சொல் அது. 55 ஆண்டு தாமதித்து ஒப்புக்கொண்ட சொல்!

இவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் அடியில் கிடக்கும் கேள்வி தெரிகிறது. ஒரு நாட்டில் வாழ்வது பிச்சையா, உரிமையா? பிச்சை கேட்டு வாசலில் நின்றவன் அங்கேயே விழுந்து செத்தால், வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொள்வார். பிச்சைக்கு வாரிசு கிடையாது. கடன் கொடுத்தவன், கேட்டு வந்த இடத்தில் விழுந்து செத்தால், கடன் செத்துவிடுமா? பத்திரத்தை எடுத்துக்கொண்டு மகன் வருவான், கொடுத்தே ஆகவேண்டும். வழக்கை மூடும் மன்றம், வாயால் சொல்லாவிட்டாலும், 'நீ கேட்டது பிச்சை' என்று கூறிவிடுகிறது. வழக்கைத் தொடரும் மன்றம், 'நீ கேட்டது கடன். நாங்கள் தரவேண்டுமா இல்லையா என்று பார்க்கிறோம்' என்கிறது. தரவேண்டியதில்லை என்று முடிவாகலாம். அதுவும் ஒரு விடைதான். விடையே சொல்லாமல் இருப்பதுதான் அவமதிப்பு.

அதிலும், இந்தத் தாமதம் யாருடையது? மனுதாரர் தாமதித்தால் 'காலம் கடந்துவிட்டது' என்று மனுவைத் தள்ளுகிறார்கள். அரசு தாமதித்தால் 'மனுதாரர் கடந்துவிட்டார்' என்று மனுவைத் தள்ளுகிறார்கள். தன் குற்றத்தால் தானே பயனடையக் கூடாது என்பது, சந்தையில் காய்கறி விற்பவருக்கும் தெரிந்த நேர்மை. இழுத்தடித்தால் எதிரி செத்துவிடுவான், செத்தால் வழக்குப் போய்விடும் என்ற நிலை இருக்கும்வரை, இழுத்தடிப்பதற்குப் பரிசு கொடுக்கிறோம் என்று பொருள். முதியவர், நோயாளி, ஏழை - முதலில் சாகக்கூடியவர் எவரோ, அவருக்கே முதலில் நீதி மறுக்கப்படும்!

இனி, என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். செத்தவருக்குத் தெரியவா போகிறது? தெரியாது. உறுதியாகத் தெரியாது. நல்பாரி மனிதருக்கு உச்ச நீதிமன்றத்தின் சொல் கேட்கவில்லை. இனி என்றும் கேட்காது. பிண்டமும் போய்ச் சேராது. தீர்ப்பும் போய்ச் சேராது. நான் மழுப்ப விரும்பவில்லை.

ஆனால், பிண்டத்துக்கும் தீர்ப்புக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பிண்டம், இறந்தவனுக்கு என்று சொல்லியே வைக்கப்படுகிறது. அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அதற்கு வேறு பொருளே இல்லை. தீர்ப்பு, இறந்தவனைப் பற்றியதே தவிர, இறந்தவனுக்கானது மட்டும் அன்று. அது ஊராருக்குச் சொல்லப்படுவது, ஏட்டில் எழுதப்படுவது, அவன் பிள்ளையின் கையில் தரப்படுவது, நாளை இன்னொருவனை இதே காரணம் காட்டி இழுத்துவரும் அதிகாரியின் முன் நீட்டப்படுவது. நல்பாரி மனிதர் இறந்துபோனார். அவர் பெயரால் வந்த தீர்ப்பு, எழுத்துப் பிழைக்காக அலைக்கழிக்கப்படும் எத்தனையோ பேருக்குக் கேடயமாகக்கூடும். மூடியிருந்தால் அந்தக் கேடயம் ஏது?

இன்னொன்றும் சொல்வேன். மேலுலகில் ஒரு மன்றம் உண்டு, அங்கே சித்திரகுப்தன் பிழையில்லாமல் கணக்கு எழுதுகிறான் என்று நம்புகிறவர் வேண்டுமானால், 'இங்கே கிடைக்காத நீதி அங்கே கிடைக்கும்' என்று ஆறுதல் கொள்ளலாம். கட்டை மூடிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை, தோழர்களே! வேறு ஏடு இல்லை. வேறு மன்றம் இல்லை. மேல்முறையீடு செய்ய மேலே எவரும் இல்லை. இருப்பது இந்த ஒரே ஏடு - நாம் எழுதுவது, நாம் பிழைவிடுவது. இதில் ஒரு மனிதனைப் பற்றிப் பொய் எழுதப்பட்டிருந்தால், அதை நாம் திருத்தாவிட்டால், எவரும் திருத்தப்போவதில்லை; எப்போதும் திருத்தப்போவதில்லை. ஆவியை நம்பாதவனுக்கு இறந்தவனுக்குரிய நீதியில் அக்கறை குறைவு என்று நினைத்தேன், அன்று வகுப்பறையில். மாறாகச் சொல்லவேண்டும்: அவனுக்குத்தான் அக்கறை கூடுதலாக இருந்தாகவேண்டும். தள்ளிப்போட அவனுக்கு வேறு உலகம் இல்லை.

எனவே, கேட்கவேண்டியது பெரிதன்று. வழக்குத் தொடுத்தவர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தால், கட்டை மூடுவதற்கு முன் மன்றம் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: 'இவர் எதிர்த்த ஆணை, இப்போது யாரைத் தொடுகிறது?' எவரையும் தொடவில்லையா, முடித்துவிடுங்கள். மனைவியைத் தொடுகிறதா, மகளைத் தொடுகிறதா, அவர்களை அழைத்துக் கேளுங்கள். தொடர விரும்பினால் தொடரட்டும். கேட்காமல் மூடுவதாயின், ஆணையையும் சேர்த்து மூடுங்கள். 'வழக்கு முடிந்தது, எனவே இவர் அயலார் என்ற அறிவிப்பும் செல்லாது' என்று இன்னொரு வரி எழுதுங்கள். இறந்தவரின் வாதத்தைப் புதைக்கும் குழியில், அவர்மீது சுமத்திய பழியையும் புதைத்துவிடுவதுதானே முறை?

மறுநாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். அந்த மாணவியின் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்தது. பள்ளியில் சேர்த்த நாளில் யாரோ அவசரத்தில் எழுதியது. பத்தாண்டாக அப்படியே வருகிறது. அவளை அழைத்துக் காட்டினேன். "பரவாயில்லைங்க ஐயா, ஓர் எழுத்துதானே" என்றாள். நல்பாரி மனிதரின் நாட்டைப் பறிக்கக் காட்டிய காரணங்களிலும் இதுபோன்ற எழுத்துகள் இருந்தன என்றேன். சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா, ஐயா?" என்று கேட்டாள்.

முந்தின நாள் கேள்விக்கான விடையை அவளே கண்டுபிடித்துவிட்டாள். நான் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான்: அந்த ஓர் எழுத்தைத் திருத்தித் தரும்படி, தலைமையாசிரியருக்கு அன்றே மனு எழுதினேன்.